கேட்காமல் எழுதிய ‘இல்லை’

கதிர் அடித்துப் படம் எடுக்கும் சி.ரி. ஸ்கானுக்கு வரும் பெண்களிடம் நான் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. “வயித்திலை பிள்ளை ஏதும் இருக்கோ?” இதைக் கேட்டு நான் வாங்காத பேச்சில்லை. கலியாணமாகாத பெட்டையோடு வந்த தாய், “மிஸ், கதைக்கிறதை அளந்து கதையுங்கோ” என்று கதிரையை விட்டு எழும்புவாள். ஐம்பதைத் தாண்டியவள், “உங்கடை வாய்க்குச் சீனி போடவேணும்” என்று சிரிப்பாள். புருஷனோடு வந்தவள் அவன் முகத்தைப் பார்ப்பாள். பதினான்கு வருடமாகக் கதிர்ப்படப் பிரிவில் நிற்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு அலுத்துப்போய்விட்டது. ஆனாலும் கேட்பேன். படிவத்தில் அதற்கென்று ஒரு வரியும், ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பெட்டிகளும் உண்டு. ஒன்றில் அடையாளம் போட்டு, கீழே என் கையெழுத்தை வைக்காமல் ஒரு பெண்ணையும் மேசையில் ஏற்றக்கூடாது.

ஒரேயொரு முறை கேட்காமல் விட்டேன்.

அவள் காங்கேசன்துறைப் பக்கத்துப் பெண். புருஷன் கடலுக்குப் போகிறவன். முப்பது வயது என்று தாளில் இருந்தது. ஆளைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, அவ்வளவு மெலிவு. இரண்டு நாளாக வயிற்றுக்குத்து. அப்பெண்டிக்ஸாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் டொக்டர் அனுப்பியிருந்தார். கூட வந்த மாமியார் ஒரு தடித்த கொப்பியை என் கையில் தந்தாள். பிள்ளை இல்லை என்று எட்டு வருடமாக மருந்தெடுத்த கிளினிக் கொப்பி அது. பக்கத்துக்குப் பக்கம் பரிசோதனைகள், ஊசிகள், மறுபடியும் வரச்சொன்ன திகதிகள். ஓரங்கள் எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தன.

மாமியாரை முன்னால் வைத்துக்கொண்டு, அந்தக் கொப்பியையும் கையில் வைத்துக்கொண்டு, “வயித்திலை பிள்ளை ஏதும் இருக்கோ?” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெந்த புண்ணில் ஏன் வேலைப் பாய்ச்சுவான் என்று நினைத்தேன். ‘இல்லை’ என்ற பெட்டியில் நானே அடையாளம் போட்டுக் கையெழுத்தையும் வைத்தேன். அனுப்பிய டொக்டரும் அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றும் எழுதாமல் விட்டிருப்பார். அவ்வளவு மெலிந்த உடம்புக்குப் பெரியவர்களின் அளவில் கதிர் அடிக்கவும் எனக்கு மனமில்லை. இயந்திரத்தில் சிறுவர்களுக்கான முறையைத் தெரிவுசெய்து படம் எடுத்தேன். அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு இரண்டு நன்மை செய்தேன் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

அப்பெண்டிக்ஸ் இல்லை. குத்து தன்பாட்டில் நின்றுவிட்டது. ஆறு கிழமை கழித்து அவளும் மாமியாரும் திரும்பி வந்தார்கள். அவள் பிள்ளைத்தாச்சி. கணக்குப் பார்த்ததில், நான் படம் எடுத்த அன்றே கரு தங்கியிருந்தது.

பிள்ளைப்பேற்று டொக்டர் அவர்கள் கையில் ஒரு துண்டுச்சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார். கருவுக்கு எவ்வளவு கதிர் பட்டிருக்கும் என்று கணித்துத் தரும்படி கேட்டிருந்தார். ஆஸ்பத்திரி வேலையோடு நான் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வுப் பட்டத்துக்கும் பதிந்திருந்ததும், ஸ்கான் எடுக்கும்போது உடம்புக்குள் போகும் கதிரின் அளவைக் கணினியில் கணிப்பதுதான் என் ஆய்வு என்பதும் அவருக்குத் தெரியும். மூன்று வருடமாக இழுபட்டுக் கிடந்த அந்தக் கண்டறியாத படிப்புக்கு முதன்முறையாக ஒருவர் அலுவல் வைத்திருந்தார். அது இப்படியா வந்து சேரவேண்டும்?

மாமியார் என் மேசைக்கு எதிரே இருந்து மூச்சு விடாமல் கதைத்தாள்.

“மிஸ் கேக்கேக்கை உவள் ஏன் இல்லையெண்டு சொன்னவள்? மாதம் தள்ளிப்போனது உவளுக்குத் தெரியாதோ? டொக்டர் தாளை எடுத்துக் காட்டினவர். இல்லையெண்டுதான் கிடக்குது. ஒரு வாய்ச்சொல்லு மிஸ். ஒரு வாய்ச்சொல்லாலை என்ரை பேரப்பிள்ளையை நெருப்பிலை போட்டிட்டாள்.”

அந்தப் பெண் பக்கத்தில்தான் இருந்தாள். தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. “அம்மா, நான் கேக்கேல்லை” என்ற மூன்று சொல் போதும். நானோ படிவத்தைப் புரட்டிக்கொண்டு இருந்தேன். என் கையெழுத்து அங்கே வடிவாக விழுந்திருந்தது.

மாமியார் கொடுமைக்காரி இல்லை. கனடாவில் இருக்கும் அவளுடைய மகள், ஸ்கான் கதிர் பட்ட பிள்ளை குறையோடுதான் பிறக்கும் என்று போனில் சொல்லியிருந்தாள். வீட்டில் அதன் பிறகு சோறு இறங்கவில்லை. “எட்டு வருஷம் பொறுத்தனாங்கள் மிஸ். இன்னும் ரெண்டு மூண்டு வருஷம் பொறுக்கலாம். ஆனா குறையோடை ஒண்டு பிறந்தால், எங்கடை காலத்துக்குப் பிறகு அதை ஆர் பாக்கிறது?” என்றாள். கருவைக் கலைக்கச் சட்டம் விடாது. சட்டத்தைப் பாராமல் செய்து கொடுக்கிற ஒருத்தியைப் பற்றி அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். “வாற கிழமை வியாழன் கிளினிக். அதுக்குள்ளை சொல்லிப்போடுங்கோ. பிந்தினால் கரைச்சலாம்.” அன்று செவ்வாய். எனக்கு ஒன்பது நாள் இருந்தது.

கருப்பைக்குள் கதிர் அளக்கும் மானியை வைத்து அளக்க முடியாது. அடித்த கதிரும் அடித்ததுதான். அதனால் எல்லாவற்றையும் கணினிக்குள் இன்னொருமுறை நடத்திப் பார்க்க வேண்டும். இயந்திரத்தின் குழாயை எண்களால் கட்ட வேண்டும். பெண்ணின் உடம்பையும் எலும்பு, தசை, குடல், கருப்பை என்று சின்னச்சின்னக் கட்டிகளால் ஒரு பொம்மை மாதிரிக் கட்டி மேசையில் கிடத்த வேண்டும். பிறகு கதிரை ஒவ்வொரு துணிக்கையாக விட வேண்டும். அது எங்கே முட்டும், எந்தப் பக்கம் தெறிக்கும், எங்கே அடங்கும் என்பதைக் கணினி தாயக்கட்டை உருட்டுவது போல உருட்டி முடிவு செய்யும். ஒரு துணிக்கையின் கதையால் ஒன்றும் தெரியாது. கோடிக்கணக்கில் உருட்டினால், கருப்பையில் எவ்வளவு தங்கியது என்பது மெல்ல மெல்லத் தெளியும்.

என் கணினி உரும்பிராயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மற்றப் பாதியில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். என் கணவர் கணக்கு வாத்தியார். “பொம்மைக்கு இண்டைக்கு எத்தினை கோடி அடிச்சாச்சு?” என்று கேட்டுக்கொண்டுதான் சோற்றுக் கோப்பையை எடுப்பார். மற்ற நாளில் நானும் சிரிப்பேன். அந்தக் கிழமை, “பேசாமல் சாப்பிடுங்கோ” என்றேன். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் மோட்டரைப் போட்டால் எங்கள் வீட்டில் மின்சாரம் விழுந்து எழும்பும். வியாழன் காலை அப்படி விழுந்ததில் ஒன்றரை நாள் ஓட்டம் போயிற்று. தோட்டக்காரரோடு சண்டை பிடிக்க முடியுமா? மிளகாய்க்கன்றுக்குத் தண்ணீர் வேண்டும். திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஓட்டம் முடிந்தது.

எங்கள் தொழிலில் ஒரு கோடு உண்டு. கருவுக்குப் பட்ட கதிர் அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தால் கலைப்பதற்குக் காரணமே இல்லை என்று புத்தகங்கள் சொல்லும். அதைத் தாண்டினால் புத்தகங்களே இழுத்து இழுத்துக் கதைக்கத் தொடங்கும். எனக்கு வந்த எண் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. சோற்றைப் போட்டுவைத்துவிட்டு அப்படியே மூடினேன். பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்காகப் பயந்தேனா எனக்காகப் பயந்தேனா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஞாயிறு காலை ஆஸ்பத்திரிக்குப் போய், அவளுடைய ஸ்கானோடு இயந்திரம் சேமித்து வைத்த கதிரளவுத் தாளைத் திறந்தேன். மூன்று முறை பார்த்த தாள்தான். நாலாம் முறை, எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தேன். ‘16 செ.மீ.’

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்கான் இயந்திரம் காட்டும் அளவு நோயாளிக்குப் பட்ட அளவல்ல. அதே கதிர் ஒரு பிளாஸ்ரிக் உருளையில் பட்டால் எவ்வளவு தங்கும் என்பதைத்தான் அது காட்டும். உருளைகள் இரண்டு. தலையின் பருமனுக்குப் பதினாறு சென்ரிமீற்றரில் ஒன்று. உடம்பின் பருமனுக்கு முப்பத்திரண்டில் ஒன்று. சின்ன உருளையின் நடு வரைக்கும் கதிர் இலேசாகப் போய்ச் சேரும். அதனால் அதே கதிருக்குச் சின்ன உருளையின் எண் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். வயிற்று ஸ்கான் என்றால் பெரிய உருளைதான் கணக்கு. எங்கள் இயந்திரமோ சிறுவர் முறையைத் தெரிவுசெய்தால் வயிற்றுக்கும் சின்ன உருளையின் எண்ணையே காட்டும். நான்தான் சிறுவர் முறையைத் தெரிவுசெய்தேன். கணினியில் பெரிய உருளையைக் கட்டி வைத்துவிட்டு, சின்ன உருளையின் எண்ணை அதற்குள் போட்டதும் நான்தான். அப்படியென்றால் என் விடை இரண்டு மடங்கு கூட.

அந்த வெறும் அறையில் நான் சத்தமாகச் சிரித்தேன். உடனே என் ஆய்வின் மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தேன். அவர் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறவர், சொற்களைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். முழுவதையும் கேட்டுவிட்டு, “நல்லது. ஒரு கேள்வி. விடை கூட வந்தபடியால்தானே பிழை தேடினனீங்கள்? குறைய வந்திருந்தால் தேடியிருப்பீங்களோ?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்த பிறகு கோபம் வடிந்தது. அவர் கேட்டது சரி. எனக்கு வேண்டிய விடை கிடைத்ததும் நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிருந்தேன். அந்தப் படிவத்தின் கதை அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னை இந்தக் கணக்கில் கைவைக்கவே விட்டிருக்க மாட்டார்.

திரும்பி இருந்து, இந்த முறை, திருத்தினால் விடையைக் கூட்டக்கூடிய பிழைகளைத் தேடினேன். ஒன்று கிடைத்தது. கணினிக்குள் நான் கிடத்தியிருந்தது நடுத்தர உடம்புள்ள ஒரு பெண். ஸ்கானுக்கு வந்தவளிடம் அவ்வளவு சதை எங்கே இருக்கிறது? கதிரைத் தடுக்கச் சதை குறைந்தால் கருப்பைக்குள் கூடப் போகும். அவளுடைய படங்களையே வைத்து, கட்டி கட்டியாக இடுப்பையும் வயிற்றையும் குறைத்து, புது உடம்பு ஒன்றைக் கட்டினேன். எட்டு வருட மருந்தும் விரதமும் தின்ற உடம்பு. குறைக்கக் குறைக்க எனக்கு அலுப்பும் கவலையும் ஒன்றாக ஏறின. திங்களும் செவ்வாயும் கணினி ஓடியது. தோட்டக்காரரிடம் போய் இரண்டு நாளைக்கு மோட்டரைப் போடாமல் விடச்சொல்லிக் கெஞ்சினேன். “என்ன மிஸ், பொம்மைக்குச் சுகமில்லையோ?” என்றார் அவரும். என் கணவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

புதன் பின்னேரம், கடைசி நோயாளி போன பிறகு, மேற்பார்வையாளர் இரண்டு உருளைகளையும் தன் காரில் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக மேசையில் வைத்து, மானியைச் செருகி, அதே முறையில் கதிரை அடித்து அளந்தோம். பொடி எழுத்துச் சொன்னது உண்மை. எண் அரைவாசியாக விழுந்தது. மெலிந்த உடம்பால் கொஞ்சம் ஏறியது. கடைசியில் அது கோட்டின் பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றது. விடை எனக்குச் சார்பாகவும் எதிராகவும் அசைந்தபடியால்தான் நான் அதை நம்பினேன்.

அன்றிரவு சாப்பாட்டின்போது கணவரிடம் படிவத்தின் கதையைச் சொன்னேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எண் நல்லதாத்தானே வந்திருக்கு. இனியும் சொல்லத்தான் வேணுமோ? வேலைக்கு ஏதும் வந்தால்?” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நானும் ஒன்பது நாளாக அதையேதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய்ப் பாத்திரங்களைக் கழுவினேன்.

வியாழன் கிளினிக் வழமைபோலச் சனம் நிறைந்திருந்தது. பிள்ளைப்பேற்று டொக்டரின் அறையில் நாங்கள் நாலு பேர்: அவர், மாமியார், அந்தப் பெண், நான். டொக்டர் என் தாளை இரண்டுதரம் வாசித்தார். “பயப்பிட ஒண்டுமில்லை. பிள்ளையை வைச்சிருங்கோ. மற்றப் பிள்ளைத்தாச்சிகளுக்குச் செய்யிற சோதினைதான் உங்களுக்கும்” என்றார்.

மாமியார் என் பக்கம் திரும்பினாள். “மிஸ், நூறுக்கு நூறு சொல்லுவீங்களோ?”

இந்தக் கேள்விதான் என்னை எப்போதும் களைக்கப்பண்ணுவது. கோடிக்கணக்கில் உருட்டினாலும் கடைசியில் கையில் இருப்பது ஒரு ‘இருக்கலாம்’தான். “நூறுக்கு நூறு ஒருதராலையும் சொல்லேலாது அம்மா. கதிர் படாத பிள்ளைக்கும் சொல்லேலாது. இந்தக் கதிராலை கூடின பயம் சரியான சின்னது. அதை நான் சொல்லுவன்” என்றேன்.

அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தாள். “கடவுள் காப்பாத்திப்போட்டார். நீ சொன்ன பொய்க்கு நல்லகாலம் இவ்வளவோடை போச்சு” என்றாள்.

நான் சொல்லிவிட்டேன். ஆயத்தப்படுத்தி வைத்திருந்த வசனம் ஒன்றும் வரவில்லை. “அவ பொய் சொல்லேல்லை அம்மா. நான் கேக்கவேயில்லை. கேக்காமலே இல்லையெண்டு எழுதினது நான்தான். எட்டு வருஷக் கொப்பியைப் பாத்திட்டு, கேட்டால் நோகுமெண்டு விட்டனான். போன கிழமை நீங்கள் பேசேக்கையும் நான் சும்மா இருந்தனான்.”

டொக்டர் பேனையை வைத்தார். இவ்வளவு நாளும் மாமியார் வீட்டில் என்னென்ன சொன்னாளோ, அதெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கையை நீட்டி மருமகளின் முழங்காலைத் தொட்டாள். அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அவள் குரலை நான் ஒழுங்காகக் கேட்டது அன்றைக்குத்தான்.

“எனக்குத் தெரியும் மிஸ். நீங்கள் கேக்கேல்லையெண்டு எனக்குத் தெரியும். சொன்னால் ஆர் நம்புவினம்? தாளிலை உங்கடை கையெழுத்தெல்லோ கிடந்தது.” மேசையில் கிடந்த கொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள். “எட்டு வருஷமா சனமெல்லாம் கேட்டது. கோயில்லை கேட்டவை, கலியாண வீட்டிலை கேட்டவை, பஸ்ஸுக்குள்ளை கேட்டவை. எல்லாருக்கும் பதில் சொன்னனான். கேக்கவேண்டிய அண்டைக்கு மட்டும் ஒருதரும் கேக்கேல்லை. நீங்கள் கேட்டிருந்தால், நாலு நாள் தள்ளிப்போச்சு, தெரியேல்லையெண்டு சொல்லியிருப்பன்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி” என்றேன். அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

ஆஸ்பத்திரியில் விளக்கம் கேட்டார்கள், எழுதிக்கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. ஆய்வறிக்கையில் சின்ன உருளை, பெரிய உருளைப் பிழையைப் பற்றி ஒரு முழுப் பகுதி எழுதினேன். மேற்பார்வையாளர் அதுதான் இருப்பதற்குள் நல்ல பகுதி என்றார். படிவத்தைப் பற்றி அதில் எழுத இடமில்லை. இப்போது கொப்பி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் கேட்கிறேன். சில பெண்கள் அழுகிறார்கள். கேட்டுவிட்டு, அவர்கள் அழுது முடியும் வரைக்கும் நிற்கிறேன். அன்றைய வேலை அதனால் பிந்துகிறது.

தை மாதம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, குறை ஒன்றும் இல்லை, நல்ல நிறை. இதை அவள் சொல்லியனுப்பவில்லை. பிள்ளைப்பேற்று வாட்டில் வேலை செய்யும் ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டதும் கதிர்ப்பட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து, தடுப்பூசி போடும் நாளில் அவர்களை விறாந்தையில் கண்டேன். மாமியார்தான் முதலில் என்னைக் கண்டாள். “மிஸ்! இஞ்சை வாங்கோ, எங்கடை ஆளைப் பாருங்கோ” என்று அவ்வளவு சனத்துக்கும் கேட்கக் கூப்பிட்டாள். நான் சிரித்துக்கொண்டு கிட்டப் போனேன். பிள்ளை தாயின் தோளில் கிடந்தது. வெள்ளைத் தொப்பியும் ஒரு சின்னக் கையும் தெரிந்தன. அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மரியாதையாகத்தான் ஆட்டினாள். பிறகு பிள்ளையை மெல்லத் தூக்கி மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஊசி அறைப் பக்கம் நடந்தாள்.

ஒன்பது நாள் இரவு பகலாக நான் கணக்குப் பார்த்த பிள்ளை அது. அதன் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.